ஆறு பித்தளைத் திருகாணிகள்

ஜூன் 9, திங்கள்

கணக்குத் தாள் வந்தது. முப்பத்தாறு. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, "அப்பா கண்ணுல படாம வை" என்றாள். அதைவிடப் பெரிய தொல்லை வரலாற்று டீச்சர் கொடுத்தது. 'என் குடும்பத்தில் ஒருவர்.' நாம் நேரில் பார்க்காத ஒருவர் வாழ்க்கையைப் பதிவேடுகளில் தேடி எழுத வேண்டும். ஜூலை பதினெட்டாம் தேதி எல்லாப் பெற்றோருக்கும் முன்னால் மேடையில் வாசிக்க வேண்டும்.

டீச்சர் முடிக்கவில்லை, பின் பெஞ்சிலிருந்து மருந்துக்கடை கேட்டாள்: "டீச்சர், திருடங்களைப் பத்தியும் எழுதலாமா?" வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. (மருந்துக்கடை என்பது நான் அவளுக்கு வைத்த பெயர். அவள் வீட்டில் நாலு தலைமுறையாக அதுதான் தொழில்.)

தண்ணீர்க் குழாயடியில் வழக்கமான பாட்டு. "வர்றா, வர்றா! விரலை எண்ணிக்கோங்க!" உடனே எல்லாரும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள். நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து இப்படித்தான் திரும்பி வருகிறேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு: அப்பாவின் தாத்தா சவப்பெட்டிக் கடை வைத்திருந்தார். ஊரில் யார் இறந்தாலும் அளவெடுத்து, பெட்டி செய்து, குழிவரை கொண்டுபோய் அடக்கம் செய்வது அவர் வேலை. மருந்துக்கடையின் கொள்ளுப்பாட்டி இறந்தபோது, அந்த அம்மாவின் விரலிலிருந்த மோதிரத்தை அவர் கழற்றிக்கொண்டார் என்று சொல்கிறார்கள். எழுபது வருஷம் ஆகிவிட்டது. அதற்கு என் விரல் என்ன செய்யும்?

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். கணக்கு நோட்டின் பின்பக்கம்; முன்பக்கத்தில் அந்த முப்பத்தாறு தாளைச் செருகியிருக்கிறேன். இங்கே யாரும் தேடமாட்டார்கள், முக்கியமாக நான்.

ஜூன் 10, செவ்வாய்

அப்பாவிடம் கேட்டேன். பட்டறையில் ஜன்னல் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தார். இழைப்புளி நின்றுவிட்டது.

"மர வியாபாரின்னு எழுது. மூணு வரி. முடிச்சிரு."

"டீச்சர் நாலு பக்கம் கேக்குறாங்கப்பா."

"எழுத்தைப் பெருசா எழுது."

அப்பா அடிக்கமாட்டார், திட்டமாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். ஒருமுறை ஒன்பது நாள். அதுதான் பயம்.

ஜூன் 14, சனி

நகராட்சி ஆபீஸுக்குப் போனேன். வீட்டில் நூலகம் என்று சொன்னேன். பதிவேட்டு அறையில் ஒரு குமாஸ்தா, மேசைமேல் பாதி கடித்த பிஸ்கட்.

"இங்க வர்றவங்க எல்லாம் சர்டிபிகேட் கேப்பாங்க. நீ என்னம்மா ஆளையே கேக்குற?"

"ஸ்கூல் வேலை சார்."

"செத்தவங்க எங்கயும் ஓடிட மாட்டாங்க, பொறுமையாப் பாரு. பக்கத்தை எச்சில் தொட்டுத் திருப்பினே, உன்னையும் நான் இதுலயே எழுதிருவேன்."

பதிவேடுகளில் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதையே பிடித்துக்கொண்டு போனேன். கல்யாணத்தின்போது: வயது இருபத்து மூன்று, தச்சர். நாலு வருஷம் கழித்து மகன் (என் தாத்தா) பிறந்தபோது: சவப்பெட்டி செய்பவர். தச்சர் எப்படிச் சவப்பெட்டிக்காரர் ஆனார்? நடுவில் என்ன நடந்தது?

நடுவில் ஒரு மகள் இருந்தாள். யாரும் சொன்னதே இல்லை. பிறப்புப் பதிவேட்டில் ஒரு வரி. இறப்புப் பதிவேட்டில் ஒரு வரி. நடுவில் நாலு நாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. ஆனால் உண்மையைச் சொன்னால், பயத்தைவிட ஆசை அதிகமாகிவிட்டது. இன்னும் தெரிய வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

பட்டறையில் பெரிய ரம்பத்துக்குக் கீழே ஒரு இழுப்பறை எப்போதும் பூட்டியிருக்கும். சாவி ஆணிப்பெட்டியில் கிடக்கிறது. எனக்கு இது நாலு வயதிலிருந்து தெரியும். ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

ஜூன் 18, புதன்

தொட்டுவிட்டேன்.

அப்பா சாப்பிடப் போன நேரம். உள்ளே ஒரு நீள நோட்டு, தோல் அட்டை, மரத்தூள் வாசனை. பெட்டித் தாத்தாவின் கையெழுத்து. (இன்று முதல் அவர் எனக்குப் பெட்டித் தாத்தா.) ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண், நீளம், மரம், திருகாணி, உள்ளே என்ன வைத்தார் என்பது. அவ்வளவுதான். மூட முடியவில்லை.

எண் 1. பதினெட்டு அங்குலம். என் மகள். ஊரில் இந்த அளவுக்குப் பெட்டி இல்லை என்றார்கள்.

எண் 17. ஐந்தடி ஒன்பது. மூக்குக்கண்ணாடி. துடைத்து வைத்தேன்.

எண் 23. நாலடி. பொம்மை. ஒரு கண் இல்லை. பொத்தான் தைத்து வைத்தேன்.

பொம்மைக்குக் கண் தைத்தவர் மோதிரம் திருடுவாரா? திருடலாம். யார் கண்டது.

எண் 41. ஐந்தடி இரண்டு. காய்ச்சல். மூடித்தான் எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி உத்தரவு. பித்தளைத் திருகாணி ஆறு. மோதிரம், சிவப்புக் கல், இடது கை. பார்த்து மூடினேன்.

எண் 42. அதே நாள். அதே காய்ச்சல். அதே ஐந்தடி இரண்டு. 41-க்கு அறுத்த பலகை மிச்சம் இருந்தது, அதிலேயே செய்தேன், யாரிடமும் சொல்லவில்லை. இரும்புத் திருகாணி ஆறு. குழந்தை கொடுத்ததை வைத்தேன்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். பூட்டிவிட்டு வெளியே வந்தேன். "எதுக்கு வேர்த்துக் கொட்டுது?" என்றார் அப்பா. "கணக்கு" என்றேன். நம்பிவிட்டார்.

'பார்த்து மூடினேன்' என்கிறார். திருடுகிறவர் அப்படி எழுதி வைப்பாரா?

ஜூன் 21, சனி

இன்று நிஜமாகவே நூலகம். பழைய பத்திரிகைகளை வருஷவாரியாகத் தைத்து வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து அப்படியே எழுதி வந்தேன்:

'சாலை அகலப்படுத்தும் பொருட்டுக் கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு வரிசை இடம் மாற்றப்பட்டது. மருந்துக்கடை உரிமையாளரின் மனைவி அடக்கம் செய்யப்பட்ட பெட்டியை, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் குடும்பத்தார் திறந்து பார்த்ததில் மோதிரத்தைக் காணவில்லை. பித்தளைத் திருகாணிகள் இருக்க வேண்டிய இடத்தில் இரும்புத் திருகாணிகளே இருந்தன. பெட்டியினுள் எலும்புகளும் மக்கிய பச்சைத் துணித் துண்டு ஒன்றும் தவிர வேறெதுவும் இல்லை. பெட்டி செய்தவர் எவ்வித விளக்கமும் அளிக்கவில்லை.'

ஜூன் 22, ஞாயிறு

பித்தளைன்னு எழுதி வச்சுட்டு இரும்பு போட்டிருக்காரு. அப்ப நோட்டுல எழுதினது எல்லாமே பொய்தானா? பார்த்து மூடினேன்னு எழுதினதும் பொய்யா? விளக்கமும் குடுக்கலையாம். வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? நான்தான் தினமும் குழாயடியில கையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்.

மூணு வரி போதும். மர வியாபாரி. பெரிய எழுத்து.

ஜூன் 25, புதன்

விழாவுக்குப் புதுச் சீருடை. அளவு கொடுக்கத் தையலம்மா வீட்டுக்கு அம்மா அனுப்பினாள். தையலம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. ஊசியில் நூல் கோக்க இன்னும் கண்ணாடி தேவையில்லை. வாயில் குண்டூசி இருந்தாலும் பேச்சு நிற்காது. என்னை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மூச்சை இழுத்துப் பிடிக்காத நெட்டை. மேடையில வெடிச்சா நான் பொறுப்பில்ல."

என்ன வாசிக்கப் போகிறாய் என்று கேட்டார்கள். மர வியாபாரி என்றேன். சிரித்துவிட்டார்கள்.

"பெட்டிக்காரரை மர வியாபாரி ஆக்கிட்டாங்களா உங்க வீட்ல? எனக்கு அவரைத் தெரியும்டி. எங்கம்மா போறப்ப எனக்கு அஞ்சு வயசு. பெட்டியை மூடப் போறாங்கன்னதும் என் தலையில இருந்த ரிப்பனை அவுத்து, இதை எங்கம்மாகிட்ட குடுங்கன்னு அவர்கிட்ட நீட்டினேன். பெரியவங்க எல்லாம் அதட்டுறாங்க. அவரு மட்டும் ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிட்டாரு. பச்சை ரிப்பன். இப்பவும் கடையில அந்தப் பச்சையைப் பார்த்தா வாங்கிருவேன்."

பச்சை.

"என்னடி, ஊசி குத்துச்சா?"

இல்லை என்றேன். குத்தியது என்று சொல்லியிருக்கலாம். கண்ணீருக்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

ஜூன் 26, வியாழன்

நோட்டை எடுத்துவந்துவிட்டேன். இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. செத்தவர்கள் பட்டியல்மேல் தலை வைத்துப் படுக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் போன வாரம் மாதிரி இல்லை.

42-க்கு அடுத்த பக்கம்:

'மழை. இரண்டு பெட்டிக்கும் நானே கறுப்புத் துணி போர்த்தினேன். ஒரே பலகை, ஒரே நீளம். மருந்துக்கடை அம்மாவைக் காலையில் துணியோடே இறக்கினோம். மாலையில் மற்றவள். குழிக்குள் போகும்போது துணி விலகியது. மூடியில் பித்தளை. காலையில் இறக்கியது யாரை என்று அப்போதுதான் தெரிந்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பயந்துவிட்டேன். மண்ணைப் போட்டார்கள்.'

நாலு முறை படித்தேன். 'பயந்துவிட்டேன்' என்று ஒரு பெரியவர் பேனாவால் எழுதி நான் பார்த்ததே இல்லை.

மோதிரத்தை யாரும் எடுக்கவில்லை. அது 41-ஆம் பெட்டியிலேயே இருக்கிறது. பெட்டிதான் தையலம்மாவின் அம்மா குழிக்குப் போய்விட்டது. மருந்துக்கடை வீட்டார் திறந்தது 42. அதனால்தான் இரும்பு. அதனால்தான் ரிப்பன்.

அவர் திருடன் இல்லை!

ஜூலை 2, புதன்

ஒரு வாரமாகத் துள்ளிக்கொண்டிருந்தேன். மேடையில் நோட்டைத் தூக்கிக் காட்டுவது மாதிரி, மருந்துக்கடை முகம் சுருங்குவது மாதிரி, ராத்திரி பகல் அதே நினைப்பு. இன்று மீதிப் பக்கங்களையும் படித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து எழுதியது:

'கடை வாசலில் கூட்டம். திருடன் என்றார்கள். இரும்பு, ரிப்பன் என்று அவர்களே சொன்னார்கள். சொன்னதன் பொருள் அவர்களுக்குத் தெரியவில்லை. நான் சொன்னால் நாளையே அந்த இன்னொரு குழியைத் தோண்டுவார்கள். ஞாயிறுதோறும் குழந்தை வந்து உட்கார்ந்து பேசுகிற இடம். அம்மா இங்கே இல்லை என்று அதனிடம் யார் சொல்வது? நான் செய்த பிழை. நான் சொல்லவில்லை.'

எண்கள் 58-உடன் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவரிடம் போகவில்லை. பன்னிரண்டு வருஷம் வெற்றுப் பக்கம். கடைசியில் வேறு கையெழுத்து, தாத்தாவுடையதாக இருக்க வேண்டும்: 'எண் 59. ஐந்தடி ஆறு. அப்பா. இரும்புத் திருகாணி போதும் என்றார்.' இறப்புப் பதிவேட்டில் அவருடைய தொழில் கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை.

சரி, நான் சொன்னால்? இப்போதும் தோண்டத்தான் செய்வார்கள். மருந்துக்கடை வீட்டில் மோதிரத்தை மறக்கவே இல்லையே. தையலம்மா எழுபது வருஷமாக யாரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று ஊரே சிரிக்கும். அல்லது சிரிக்காது, பரிதாபப்படும். அது இன்னும் மோசம்.

சொல்லாவிட்டால் நான் பள்ளி முடிக்கும்வரை விரல் எண்ணுவார்கள். மூன்று வருஷம்!

அவர் செய்த தப்புக்கு அவர் வாயை மூடிக்கொண்டார், நியாயம். நான் என்ன தப்புச் செய்தேன்?

ஜூலை 6, ஞாயிறு

சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். மேடையில் இல்லை, தையலம்மாவிடம் தனியாக. அவர்கள் அம்மா எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டே. கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மருந்துக்கடை வீட்டின் பளிங்குக் கல்லறையைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே யார் இருக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். கால் தானாக நின்றுவிட்டது.

தையலம்மா கடைசி வரிசையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து குழியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய கால்சட்டை ஜிப் நாலாவது முறை போய்விட்டதைப் பற்றி. "ஜிப்புல தப்பு இல்லம்மா, தொப்பையில தப்பு. சொன்னா கோவிச்சுக்குறான்."

என்னைப் பார்த்ததும், "வா நெட்டை! எங்கம்மாவுக்கு உன்னைக் காட்டுறேன். அம்மா, இவதான். அளவெடுக்கிறப்ப மூச்சை இழுத்துப் பிடிப்பாளே, அவ. பெட்டிக்காரர் வீட்டுப் பொண்ணு."

நான் கை குவித்து வணக்கம் சொன்னேன். மருந்துக்கடையின் கொள்ளுப்பாட்டிக்கு.

"எதுக்கு வந்தே?"

"சும்மாதான்."

"சும்மா வர்ற இடமா இது? சரி, அந்தக் களையைப் பிடுங்கு. உங்க பெரிய தாத்தா இருந்தவரைக்கும் நான் வர்றதுக்குள்ள அவரே பிடுங்கிப் போட்டிருப்பாரு. இங்கயும் பிடுங்குவாரு, அந்தப் பணக்காரக் கல்லுகிட்டயும் பிடுங்குவாரு. ஊருல என்னமோ சொன்னாங்க. எங்கம்மாகிட்ட மரியாதையா இருந்தாரு, எனக்கு அது போதும்."

களையைப் பிடுங்கினேன். வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

அவர் மாதிரியே.

ஜூலை 12, சனி

மாட்டிக்கொண்டேன். நோட்டை இழுப்பறையில் திரும்ப வைக்கப் போனேன். அப்பா ரம்பத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எத்தனை நாளாகக் காத்திருந்தாரோ.

"எந்த நம்பர் வரைக்கும் வந்தே?"

"...அம்பத்தொம்பது."

"எல்லாமே படிச்சிட்ட."

"ஆமாப்பா."

அடுத்து அந்த அமைதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "நான் இதைப் படிச்சப்ப எனக்குப் பதினாறு வயசு" என்றார். "ஸ்கூல்ல ஒருத்தன் பல்லை உடைச்சிட்டு வந்தேன், விரல் எண்ணினான்னு. எங்கப்பா இதை எடுத்துக் கையில குடுத்தாரு. படிச்சிட்டு நேரா தையலம்மாகிட்டச் சொல்லிடலாம்னு ஓடினேன். ஞாயித்துக்கிழமை."

"சொன்னீங்களா?"

"அவங்க அவங்கம்மாகிட்ட என்னைப் பத்திக் கேட்டுட்டு இருந்தாங்க, 'இந்தப் பையனுக்கு ஏம்மா பேண்டு இவ்வளவு குட்டையா இருக்கு'ன்னு. துணி வாங்கிட்டு வா, தச்சுத் தர்றேன்னாங்க. வந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கும். பட்டறையில் அப்பா சிரித்து நான் கேட்டதில்லை.

"உனக்குத் தெரிய வேணாம்னுதான் மூணு வரின்னு சொன்னேன். தெரிஞ்சா இந்தப் பாரம் உன் தலையிலயும் ஏறிடும்னு. ஏறிடுச்சு. இனிமே நீயாச்சு. நீ சொல்லணும்னா சொல்லு, நான் தடுக்கமாட்டேன். நாங்க வாயை மூடிக்கிட்டோம்னு நீயும் மூடிக்கணும்னு இல்ல."

இன்னும் ஆறு நாள்.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டு கட்டுரை எழுதிவிட்டேன். ஒன்று ஏழு பக்கம், ஒன்று நாலு. இரண்டும் பையில் இருக்கின்றன. தூக்கம் வரவில்லை.

ஜூலை 18, வெள்ளி

நாலு பக்கத்தை வாசித்தேன்.

தச்சர், சவப்பெட்டி செய்பவர், இல்லை. இந்த மூன்று கட்டங்களையும், நடுவிலிருந்த நாலு நாள் மகளையும், கண்ணாடி துடைத்ததையும், பொம்மைக்குப் பொத்தான் தைத்ததையும் சொன்னேன். மூன்றாவது வரிசையில் தையலம்மா என் பாவாடையின் கீழ்மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் மருந்துக்கடையின் அப்பா கை கட்டி உட்கார்ந்திருந்தார். கடைசிப் பத்தி இது:

'அவர் ஒரு மோதிரத்தை எடுத்ததாகச் சொல்வார்கள். அவர் எடுக்கவில்லை. அவர் ஒரு பிழை செய்தார், அது வேறு. அதை அவரே எழுதி வைத்திருக்கிறார், நான் படித்தேன். என்ன பிழை என்று இங்கே சொல்லப் போவதில்லை.'

யாரோ சிரித்தார்கள். மருந்துக்கடைதான் என்று பார்க்காமலே தெரியும். டீச்சர் மைக்கைப் பிடித்து, "ஆதாரம் காட்டணுமேம்மா?" என்றார்.

"இருக்கு டீச்சர். காட்டமாட்டேன்."

கீழே இறங்கும்போது ஒரு படியைக் காணாமல் தடுமாறினேன். கடைசி வரிசையில் அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார், தலையெல்லாம் மரத்தூள்.

இருபத்தைந்துக்குப் பதினாறு. டீச்சரின் சிவப்பு மையில்: 'நல்ல நடை. முடிவுக்கு ஆதாரம் இல்லை.'

வெளியே வந்ததும் தையலம்மா என் காதைப் பிடித்துத் திருகினார்கள். "கீழ்மடிப்பு ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கியிருக்கு. அறுபது வருஷத் தையல்ல எனக்கு இப்படி ஆனதே இல்ல. நீதான் அளவெடுக்கிறப்ப அழுதே." அப்புறம் காதை விட்டுவிட்டு, "நல்லா வாசிச்சே" என்றார்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அப்பாவும் நானும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இரண்டு இடத்திலும் களை பிடுங்கினோம். பளிங்குக் கல்லறை அருகே இருந்தபோது மருந்துக்கடை பூவோடு வந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எங்க கல்லறையில உங்களுக்கு என்ன வேலை?"

"களை" என்றார் அப்பா.

அவள் பூவை வைத்தாள். போகும்போது திரும்பி, என்னிடம் மட்டும், மெதுவாக: "அப்ப மோதிரம் எங்கதான் இருக்கு?"

"உங்க கொள்ளுப்பாட்டி விரல்லதான்" என்றேன்.

நம்பவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

குழாயடியில் "விரலை எண்ணிக்கோங்க" என்றார்கள். மூன்று பேர்தான் கையை ஒளித்தார்கள். நான் குனிந்து வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன். கை நனைந்திருந்தது, அவர்கள் முன்னால் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணி உதறினேன். பத்தும் இருந்தது.

சற்று முன் அப்பா கதவைத் தட்டாமல் வந்து, போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கண்ணு கெட்டுப்போகும்" என்று விளக்கைப் போட்டுவிட்டுப் போனார். போகும்போது இந்த நோட்டின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். முப்பத்தாறு என்பதையும் பார்த்துவிட்டார்.